அக்காவுக்காக வளர்த்த புல்

மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு மாதம் கோதுமைப்புல் வளர்த்தேன். எண்பதுகளின் நடுவில் அது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால், "நீ உன்னால முடிஞ்சத செஞ்ச" என்பார்கள். அந்த ஆறுதலைக் கேட்கப் பயந்தே வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

புல் என் அக்காவுக்காக.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஹுத்தான் மெலிந்தாங் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோம். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா இறந்துபோனாள். அடுத்த வருஷமே அப்பா வேறு தோட்டத்துக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். பதினாறு வயது அக்கா மருந்தடிக்கும் வேலைக்குப் பெயர் கொடுத்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே முளைக்கிற லாலான் புல்லையும் களையையும் கருக்குகிற மருந்து. மருந்து நிரப்பிய தகரத் தோம்பை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு கையால் பம்படித்தபடி மறு கையால் தெளித்துக்கொண்டே நடக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது சட்டையிலிருந்து வருகிற நெடி கண்ணை எரிக்கும். நாளாக நாளாக அவள் கைநகங்கள் மஞ்சளாகிப் பிளந்தன. சில நாள் மூக்கிலிருந்து இரத்தம் வரும். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "ஒன்னுமில்ல பாப்பா, வெயிலு" என்பாள். நானும் வெயில் என்றே நம்பினேன். பிற்காலத்தில் அவள் நோய்க்கு அந்த மருந்துதான் காரணமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் வேலை செய்ததால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், டைப்பிங் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்தது. மணல் லோரி ஓட்டுகிறவர் ஒருவரைக் கோயிலில் பார்த்து, பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். நாங்கள் வேதக்காரர்கள், கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை. அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எங்களோடு தாமானில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், வந்து இருக்கச் சொன்னால், "உங்க தாமான் வீட்ல எந்நேரமும் கதவ சாத்தி வைக்கிறீங்க. மூச்சு முட்டும், எனக்கு சுசா லா" என்று சிரித்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். பஸ் மாறி மாறித் தனியாக வந்திருக்கிறாள். முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது, வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"சாப்பாடே எறங்க மாட்டுது பாப்பா. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லிட்டாரு. அதான் ஒன்கிட்ட வந்தேன்."

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். ஒரு இளம் டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துவந்து, கட்டி ஈரல்வரை பரவிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நான் அக்காவிடம் போய், "கட்டிய எடுத்துட்டாங்கக்கா, இனிமே தேறிடுவ" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியை இருந்தார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து விசாரித்தார். அடுத்த நாள், சைக்ளோஸ்டைலில் அடித்த நான்கு பக்கத் தாளொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ர அண்ணாவின்ர மனுசி இதைக் குடிச்சுத்தான் எழும்பி நடந்தவ. டொக்டர்மார் கைவிட்ட ஆள். நீர் ஒருக்கா செய்து பாருமன்."

அவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். அவரை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்தத் தாளை நான் பஸ்ஸிலேயே மூன்று தடவை படித்தேன். கோதுமையை ஊறவைத்து முளைகட்டி, மண் பரப்பிய தட்டில் விதைத்து, நனைத்த பேப்பரால் மூடி வைக்க வேண்டும். ஏழெட்டு நாளில் சாண் உயரம் வளரும். அறுத்து அரைத்துப் பிழிந்த சாற்றை உடனே குடிக்க வேண்டும், வைத்துக் குடித்தால் பலன் இல்லை. காலை அரை கிளாஸ், மாலை அரை கிளாஸ். கடைசிப் பக்கத்தில் சாப்பிடக்கூடாதவை இருந்தன: உப்பு, சீனி, கோப்பி, தேநீர், வெள்ளைச் சோறு, மீன், கருவாடு, மிளகாய். ஒரு வேளை தவறினாலும் முந்திய பலன் எல்லாம் போய்விடும் என்று எழுதியிருந்தது. அந்த வரிக்குக் கீழே பேனாவால் நானே கோடு போட்டேன்.

முதல் கோதுமையைப் புறாத்தீனி விற்கிற சீனர் கடையில் வாங்கினேன். பாதி முளைக்கவில்லை. முளைத்ததில் மூன்றாம் நாள் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சை பிடித்து, பின்கட்டு முழுவதும் ஊசிய சோற்று நாற்றம் அடித்தது. தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து அழுதேன். அக்கா மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி ஓட வழியில்லாம அடைச்சு வச்சிருக்க. அடியில ஓட்ட போடு. மணல் கொஞ்சம் கலந்து விடு. நனைஞ்ச பேப்பர ரெண்டு நாளைக்கு மேல மூடி வைக்காத, வேவுது பாரு" என்றாள்.

என் வீட்டுக்காரர் லகாட் பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கத்திலிருந்து ஒரு சாக்கு வெள்ளை மணல் கொண்டுவந்தார். சொந்தமாக ரப்பர் மரம் வைத்திருந்த ஒரு சிநேகிதரிடம், பால் உறைய வைக்கும் அலுமினியத் தட்டுகள் ஏழு கேட்டு வாங்கி வந்தார். அக்கா மடியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஆணியால் ஓட்டை போட்டாள். மாடு வைத்திருந்த ஒரு பஞ்சாபிக்காரர் சப்பாத்திக்காக மூட்டையாக வாங்கி வைத்திருந்த கோதுமையில் கொஞ்சம் தந்தார். நாளுக்கு ஒரு தட்டு என்று விதைத்தோம்.

இந்தத் தடவை புல் வந்தது. ஊசிபோலக் கிளம்பி, நான்காம் நாள் பச்சைப் பசேலென்று தட்டை நிறைத்து நின்றது. அக்கா உள்ளங்கையால் அதன் நுனிகளைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"என் ஆயுசு முழுக்க புல்ல சாவடிச்சேன். நீ என்னடான்னா தட்டுல வச்சு தாலாட்டுற. கங்காணி பாத்தா என்னைய வேலய விட்டு நிப்பாட்டிருவாரு."

நானும் சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாட்கள் அவைதான் என்று நினைக்கிறேன்.

இறைச்சி அரைக்கிற கைமிஷின் ஒன்றை மேசை விளிம்பில் திருகி மாட்டினோம். கத்தரிக்கோலால் பாதித் தட்டுப் புல்லை அடியோடு அறுத்துக் கழுவி அதில் போட்டுச் சுற்றினால் பச்சைக் கூழாக வெளியே வரும். அதை வேட்டித் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் அரை கிளாஸ் சாறு தேறும். புல்வெளியை வெட்டுகிறபோது வருகிற வாடை, அதோடு ஏதோ கசப்பு. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடிப்பாள். குடித்த பிறகு கண்ணில் நீர் நிற்கும்.

மூன்று வாரத்தில் அவள் முகம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். இப்போது யோசித்தால், ஆப்பரேசன் காயம் ஆறி, நல்ல ஓய்வும் கிடைத்ததால் வந்த தெளிவு என்று புரிகிறது. அன்று எனக்கு அது புல்லின் பலன். அந்த மூன்று வாரம்தான் என்னைக் கெடுத்தது. ஒன்றும் நடக்காமல் இருந்திருந்தால் கொஞ்ச நாளில் விட்டிருப்பேன். பலன் கண்டுவிட்டேன் என்று நம்பிய பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன்.

காலையில் எழுந்ததும் அறுத்து, அரைத்து, பிழிந்து, கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். வந்ததும் மறுபடி அதே. புதிய கோதுமையை ஊறப்போட வேண்டும், முளைத்ததைப் பரப்ப வேண்டும், பழைய மண்ணைக் கொட்டித் தட்டைத் தேய்க்க வேண்டும். பூசைக்குப் போவதுகூட நின்றுபோனது. அக்கா முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "பாப்பா, இங்க வந்து செத்த ஒக்காரேன்" என்பாள். "இரு அக்கா, இந்தத் தட்ட மட்டும் முடிச்சிட்டு வாரேன்" என்பேன். முடியும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். நான்கு மாதம் ஒரே கூரைக்குள் இருந்தோம். அவளோடு உட்கார்ந்து பேசிய பொழுதுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவளுக்கு நான் கொடுத்த சாப்பாடு, உப்பில்லாமல் அவித்த பூசணிக்காயும் கீரையும், பப்பாளியும். அவளோ விவரம் தெரிந்த நாளிலிருந்து கட்டிக் கோப்பியும் கருவாடும் சாப்பிட்டு வளர்ந்தவள். ஒருநாள் பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தார்கள். வாசம் வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து பின்வாசல்வரை வந்து நின்றாள்.

"பாப்பா, ஒரே ஒரு துண்டு சுட்டுத் தாயேன். சோறுகூட வேணாம். நாக்குல வச்சிட்டுத் துப்பிடுறேன்."

"இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கக்கா. நல்லாயிட்டா நானே பசார்ல போயி வாங்கியாறேன்."

"சரி" என்று திரும்பிப் போனாள்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் லோரியை ரிப்பேருக்கு விட்டிருந்ததால் அன்று வீட்டில் இருந்தார். பின்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் அக்கா சின்ன முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவர் எதிரே தரையில். அவள் கையில் தட்டமும் கோப்பையும். கட்டிக் கோப்பியில் ரொட்டியைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கோப்பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கோப்பி தளும்பி அவள் சேலையில் வழிந்தது. என்னை வளர்த்து ஆளாக்கியவள், தப்புச் செய்து பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளைபோல என்னைப் பார்த்துப் பயந்தாள்.

நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, கோப்பையைப் பிடுங்கி, கோப்பியைச் சாக்கடைக் கானில் கொட்டினேன்.

"நான் சாவுறேன் இங்க, ஒவ்வொரு நாளும்! ஒரு வாய் தப்பினா எல்லாம் போச்சுன்னு தெரியாதா ரெண்டு பேருக்கும்?"

"தம்பிய ஏசாத. நாந்தான் கேட்டேன்" என்றாள் அக்கா.

"உனக்குப் பொழைக்கணும்னு ஆச இருந்தாத்தானே!"

அக்கா சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். என் வீட்டுக்காரர் அவள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும். போன மாசமே என்கிட்ட கேட்டாங்க. பொய் சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லிட்டேன்."

"தெரிஞ்சா ஏன் தெனமும் இதக் குடிக்கிறாங்க?"

"உனக்காக லா. நீ பாடுபடுறத பாக்க முடியாம குடிக்கிறாங்க."

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவர் அக்காவின் மனத்தை உடைத்துவிட்டார், அதனால் இனி பலன் குறையும் என்று அவர்மேல் ஆத்திரப்பட்டேன். அன்று சாயங்காலமும் மிச்சப் பாதித் தட்டை அறுத்து அரைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா வாங்கிக் குடித்தாள். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவே இல்லை. கோப்பி, கருவாடு, பக்கத்தில் வந்து உட்காரச் சொல்வது, எல்லாம் நின்றுபோயிற்று.

சில வாரத்தில் வாந்தி ஆரம்பித்தது. குடித்த பச்சை அப்படியே வெளியே வரும். அந்தத் தாளில் இதற்கும் பதில் இருந்தது: வாந்தியும் காய்ச்சலும் உடம்பிலிருந்து விஷம் இறங்குவதன் அடையாளம், பயந்து நிறுத்தக்கூடாது. அதனால் வாயைத் துடைத்துவிட்டு இன்னொரு கிளாஸ் பிழிந்து கொடுத்தேன். கண்ணும் உள்ளங்கையும் மஞ்சளாயின. விஷம் இறங்குகிறது என்றே சொல்லிக்கொண்டேன். ஒரு காலையில் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே அவளைத் தூக்கிக்கொண்டு போய், தெருமுனை டாக்சியில் ஏற்றினார்.

வார்டில் இருந்த மூத்த நர்ஸ் ஒரு தமிழ்ப் பெண்மணி. என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. என் தோளைத் தொட்டு, "இனிமே அவங்க ஆசப்பட்டத குடும்மா" என்றார்.

"கோப்பி குடுக்கலாமா?"

"எது வேணும்னாலும்."

"முன்னமே குடுத்திருந்தா நோய் கூடியிருக்குமா?"

"ஒன்னும் மாறியிருக்காதும்மா" என்றார்.

மறுநாள் பிளாஸ்க்கில் கட்டிக் கோப்பி கொண்டுபோனேன். அடுப்பில் சுட்ட கருவாட்டை இலையில் சுற்றி எடுத்துப்போனேன். கரண்டியால் கோப்பியைத் தொட்டு உதட்டில் வைத்தேன். கடைவாயில் வழிந்தது.

"வாய் கசக்குது. வேணாம் பாப்பா" என்றாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா, பேச விருப்பமில்லையா என்று தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவள் முகத்தைப் பார்த்து அவள் மனத்தைத் தெரிந்துகொண்டவள் நான். அன்று ஒன்றுமே தெரியவில்லை. கருவாட்டைப் பிரிக்காமலே திருப்பி எடுத்துவந்தேன்.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் சொல்லக் கூசுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த எட்டு நாளும் நான் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. இனி அவளால் ஒரு சொட்டுகூட விழுங்க முடியாது என்று தெரியும். தெரிந்தும், ஒருவேளை தேறி எழுந்தால், அன்றைக்குத் தட்டு தயாராக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் மத்தியானம், "நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று என் வீட்டுக்காரரை உட்காரவைத்துவிட்டு வந்தேன். ஏழு தட்டுக்கும் தண்ணீர் தெளித்தேன். பஸ் கிடைக்கத் தாமதமானது. திரும்பிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்கு எதுக்குப் போன?" என்று மட்டும் கேட்டார். என் சேலையின் கீழ்ப்பகுதி ஈரமாக இருந்தது. அதை அவர் பார்த்தார்.

அடக்கத்துக்கு, தோட்டத்திலிருந்து அக்காவோடு மருந்தடித்த பெண்கள் ஒரு லோரியில் வந்தார்கள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் கட்டி அழுதார்கள். அவர்களில் ஒருத்தி கைகழுவப் பின்கட்டுக்குப் போனவள், தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"அது என்னா தங்கச்சி, மாடு வளக்கிறீங்களா?"

எனக்கு மறுபடி அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் அக்காவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணியிருப்பாள்.

இரண்டு வாரத்தில் புல் நெடுநெடுவென்று வளர்ந்து, சாய்ந்து, பழுத்துவிட்டது. நான் தொடவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது பின்கட்டு கழுவிக் காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் செய்திருந்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு மாறினோம், நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம். ஆனாலும் அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.

அடுத்த வருஷம், நாங்கள் இன்னும் அந்தப் பழைய வீட்டில் இருந்தபோது, மூன்று வீடு தள்ளி இருந்த ஒரு பெண் வந்தாள். அவள் புருஷனுக்குத் தொண்டையில் கட்டி. என்னைவிடச் சின்னவள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க புல் வளத்தீங்களாமே. எப்படின்னு சொல்லிக் குடுங்க. அந்தத் தாள் இருந்தா குடுங்க, நான் எழுதிட்டுத் தந்திடுறேன்."

அந்தத் தாள் அலமாரியில்தான் இருந்தது. அவளை உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். வார்த்தை கோவையாக வரவில்லை. "டாக்டர் சொல்றத கேளும்மா. அவரு என்னா ஆசப்படுறாரோ அத சமைச்சுப் போடு. அவரு பக்கத்துல ஒக்காரு. இதெல்லாம் வேணாம்" என்றேன்.

அவள் முகம் இறுகியது. "உங்கக்காவுக்கு மட்டும் நாலு மாசம் குடுத்தீங்க. எனக்குச் சொல்லித்தர மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க லா" என்று எழுந்தாள்.

"அப்படி இல்லம்மா..." என்று கேட்டுவரை பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறு யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போகும்போது அவள் வீட்டுச் சுவரோரம் ஐந்தாறு தட்டுகள் வரிசையாக இருந்தன. உள்ளே கைமிஷின் சுற்றுகிற கடகடச் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் அவள் புருஷன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். கேட்டைத் தட்டலாம் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன்.